தி ஜூலியட் லெட்டர்ஸ்: 1993 பதிப்பா, 2006 மறுவெளியீடா?

ஆங்கிலேய ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ, பிராட்ஸ்கி குவார்டெட் என்ற நால்வர் இசைக்குழுவுடன் 1993இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் கித்தாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு குரல், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பெயருக்கு இத்தாலியின் வெரோனா நகருக்கு வந்த கடிதங்களுக்கு ஒரு பேராசிரியர் பதில் எழுதினார் என்ற செய்தியே இதற்கு வித்து. காதல், சாவு, விளம்பரப் பித்தலாட்டம் என எல்லாமே கடிதமாகிப் பாட்டாகின்றன. முதல் பதிப்பின் பலம் அந்தக் கட்டுக்கோப்புதான்.

2006 மறுவெளியீட்டில் முதல் பதிப்போடு இரண்டாவது தட்டு ஒன்றும் கூடுதல். அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டுகூட அதில் உண்டு. அழகுதான், ஆனால் கடிதமல்ல!

வாங்குவதானால் மறுவெளியீட்டையே வாங்குங்கள். முதல் தட்டை ஒரே மூச்சில் கேளுங்கள். இரண்டாவதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.