எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு: பி.எட்.டா, நெட்டா, சாஃப்ட்வேர் கோர்ஸா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். எம்.எஸ்சி. வேதியியல், மூன்றாவது செமஸ்டர். கவருக்குள் மூன்று நோட்டீஸ். ஒன்று பி.எட். கல்லூரியுடையது, இன்னொன்று கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டுக்குப் பயிற்சி தரும் மையத்துடையது, மூன்றாவது வழவழ தாளில், பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித்தரும் ஒரு டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ்.

"எக்கா, வீட்ல பி.எட். போடச் சொல்லுதாவ. கிளாஸ்ல பாதிப் பேரு பைத்தான் படிக்காவ. நான் எதுல சேரட்டும்?"

எங்கள் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கே போனாலும் முதுகலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதே பேச்சுதான். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் மாவட்டம் இது. தெருவுக்கு நாலு எம்.எஸ்சி. இருக்கும் ஊரில் எம்.எஸ்சி.யை மட்டும் காட்டி யாரையும் திரும்பிப் பார்க்க வைக்க முடியாது. அதனால்தான் கூட ஒன்றைச் சேர்த்துக்கொள்ள இத்தனை ஓட்டம்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்பதை நோட்டீஸ்காரர்களே கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்கள். ஜெயிக்காவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பது என் வழக்கம். அந்தக் கணக்கில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நிற்கின்றன.

பி.எட்.டிலிருந்து தொடங்குவோம், வீட்டாரின் ஓட்டு அதற்குத்தான். இரண்டு வருடப் படிப்பு. குறி அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணி. அதற்கு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் வேண்டாம், முதுகலையும் பி.எட்.டும் இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வு எழுதலாம். சம்பள விகிதம் 36,900இல் தொடங்குகிறது. 150 மதிப்பெண்ணில் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. அதற்கு முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. 50க்கு 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். களியக்காவிளைப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக, அல்லது அதற்கு இணையானது என்று அரசாணை சொல்லும் பாடமாக இருக்க வேண்டும். நானோ அறிவியல், உயிர்த் தகவலியல் என்று பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என எம்.எஸ்சி. சேர்ந்தவர்கள் பி.எட்.டும் முடித்து, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பி வந்த கதைகள் நிறைய. பணம் கட்டுவதற்கு முன் இணைத்தன்மை அரசாணையைத் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள்.

தேர்வு கைகூடாவிட்டால்? தனியார் பள்ளி வேலை நிச்சயம் கிடைக்கும், என்ன சம்பளத்துக்கு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பி.எட். கெட்டுப்போகாது. 2025 டிஆர்பி அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 53. நல்ல நீளமான கயிறு அது.

நெட்டுக்குக் கயிறு சின்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) நெட்டில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பில்லை. ஆனால் பிஎச்.டி. ஆய்வுக்கு உதவித்தொகை தரும் ஜேஆர்எஃபுக்கு 30 வயது, பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 5 வருடம் தளர்வு. மூன்றில் நமக்கு எதிராளி பணம் தருவது இது ஒன்றில்தான். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வான செட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை என்று யூஜிசி சொல்லிவிட்டது. எம்.எஸ்சி. முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இறுதியாண்டிலேயே எழுதலாம். மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் "அப்படியா மிஸ்?" என்கிறார்கள்.

வேதியியல்காரர்களுக்கு, அறிவியல் பாடங்களுக்கென்று இருக்கும் சிஎஸ்ஐஆர் நெட். கேள்வித்தாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: 120 கேள்வி இருந்தாலும் 75க்கு விடை எழுதினால் போதும். ஏ பிரிவில் 20க்கு 15, பி பிரிவில் 40க்கு 35, சி பிரிவில் 60க்கு 25. சி பிரிவில் கேள்விக்கு 4 மதிப்பெண், மொத்தம் 100, அதாவது தாளில் பாதி. தப்பானால் கால் பங்கு போய்விடும். நம் கல்லூரித் தேர்வுக்கு நேர் எதிரான பழக்கம் இது. அங்கே எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர வேண்டும், இங்கே விட்டுவிடத் தெரிய வேண்டும். எனக்கு அது பிடிபட மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது முறையும் விரிவுரையாளர் தகுதிதான், ஜேஆர்எஃப் நூலிழையில் போனது. அதை வைத்துத்தான் இப்போது ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்துகிறேன்.

தோற்ற அந்த இரண்டு முறையும் படித்தது வீணாகவில்லை. டிஆர்பியின் 110 மதிப்பெண்ணுக்கு அதே பாடம்தான், செட் தேர்வுக்கும் அதேதான். செட்டை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2024இல் அறிவித்த தேர்வு தள்ளிப்போய், கடைசியில் 2025 மார்ச்சில் டிஆர்பி நடத்தியது. நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. இன்னொன்று, மாநில அரசின் பிசி சாதிச் சான்றிதழை நெட் விண்ணப்பத்துக்கு நீட்டாதீர்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்க நாள் பிடிக்கும்.

மூன்றாவது, அந்த வழவழ தாள். இதைப் பற்றி எனக்குப் பேச உரிமை உண்டு, எம்.எஸ்சி. முடித்த கையோடு 35,000 ரூபாய் கட்டியவள் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நோட்டீஸில் '100% பிளேஸ்மெண்ட்' என்பது பெரிய எழுத்திலும், 'அசிஸ்டன்ஸ்' என்பது எறும்பு ஊர்வது போலவும் இருந்தது. நான்கு மாதம் பைத்தான். கடைசியில் புராஜெக்ட் என்று வீட்டு விலையைக் கணிக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். வகுப்பில் 22 பேர், 22 பேருக்கும் அதே வீட்டு விலை. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என் பயோடேட்டாவைப் புரட்டிய மனிதர் சிரித்துக்கொண்டே, "காலையிலிருந்து இந்த வீட்டை விற்க வந்த மூன்றாவது ஆள் நீங்கள்" என்றார்.

துறையையே குறை சொல்லவில்லை. அங்குள்ள டெக்னோபார்க் ஐடி வளாகம் 1990இல் தொடங்கியதிலிருந்து இரணியல், குழித்துறையிலிருந்து சீசன் டிக்கெட்டில் போய்வந்து குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் நம்மிடையே எவ்வளவோ பேர். அவர்களில் நான் கேட்டவர்கள் எல்லாரும், தாங்களாகவே எதையாவது செய்து காட்டித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அதே பைத்தானை ஐஐடிகளின் இணைய வகுப்பான என்பிடெல்லில் காசில்லாமல் படிக்கலாம், நேரில் போய்த் தேர்வு எழுத ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். நான்கு மாத வகுப்பில் எனக்கு மிஞ்சியது எக்செல் பிவட் டேபிள். கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

டிஎன்பிஎஸ்சி பற்றி இங்கே நீட்டவில்லை. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். முதுகலைப் படிப்பு அதில் ஒரு மதிப்பெண்ணும் கூட்டாது. எழுதுவதானால் கோணம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குள்ளேயே வரும் நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்பை வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து கழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அவள் கவரில் இல்லாத நான்காவது ஒன்று இருக்கிறது. அதற்கு நோட்டீஸ் அடிக்க ஆளில்லை. நான்காம் செமஸ்டரில் எப்படியும் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். பெரும்பாலோர் கல்லூரி லேபிலேயே, போன வருட சீனியரின் தலைப்பை லேசாக மாற்றி ஒப்பேற்றிவிடுகிறார்கள். வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால், களியக்காவிளை, பாலராமபுரம், நேமம் தாண்டி, நகரத்துக்குள் நுழையும் முன்பே பாப்பனங்கோடு. அங்கே சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் ஆய்வகம். இன்னும் கொஞ்சம் போனால் ஆக்குளத்தில் புவி அறிவியல் மையம், ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர் ஆய்வு நிலையம், இன்னும் தள்ளி விதுரையில் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனம். சென்னைப் பிள்ளைகள் ரயிலேறி வந்து தங்கிச் செய்யும் இடங்கள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

என் மாணவி ஒருத்தி அப்படி ஓர் ஆய்வகத்துக்குப் போனாள். முதல் இரண்டு வாரம் அசிட்டோன் ஊற்றி, நிறமாலை எடுக்கும் என்எம்ஆர் கருவியின் குழாய் கழுவினாள். பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய், அதில் இரண்டு உடைந்தது, போனில் ஒரே அழுகை. மூன்றாம் மாதம் தான் தயாரித்த சேர்மத்தின் நிறமாலையைத் தானே எடுத்து அனுப்பினாள். அதுவரை அவள் அதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்தவள். சி பிரிவில் நிறமாலைக் கேள்விகளை இப்போது அவள் கணக்காகப் போடுவதில்லை, பார்த்தே சொல்கிறாள். உதவித்தொகை எதிர்பார்க்க முடியாது, போக்குவரத்துச் செலவு நம்முடையது. விஞ்ஞானிக்கு அனுப்பும் பத்து மின்னஞ்சலில் எட்டுக்குப் பதில் வராது. அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, அதைப் பற்றி இரண்டு வரி எழுதினால் ஒன்பதாவதுக்கு வரலாம்.

ஆக என் வரிசை இதுதான்: இப்போதே வெளி ஆய்வகத்துக்கு மின்னஞ்சல், கூடவே நெட் படிப்பு, வயது ஓடுவது அதற்குத்தான். எம்.எஸ்சி. முடிந்து இரண்டு முறை எழுதியும் ஜேஆர்எஃப் வரவில்லை என்றால் அப்போது பி.எட்., 53 வரை நேரமிருக்கிறது. வீட்டில் நிச்சயமான ஒரு வேலை வேண்டும் என்றால் மட்டும் இந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு பி.எட்.டை முதலில் வைக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகக் கவருக்குள் திரும்ப வைத்தாள். வழவழ தாளை மட்டும் கையிலேயே வைத்திருந்தாள்.

"எக்கா, இதுக்கு 2,000 ரூவா முன்பணம் கெட்டிட்டேன்."

"ரசீது இருக்கா மக்கா?"

"இருக்கு. 'திருப்பித் தரப்படாது'ன்னு சீல் அடிச்சிருக்கு."

நாளைக்குச் சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.