வாய் பிளக்காத வாழ்த்து அட்டைக்குத் தேவையான கருவிகள்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நான் கையால் செய்து அனுப்பிய 40 வாழ்த்து அட்டைகளில் ஒன்றை, பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் என் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். மடித்த இடத்தில் சிவப்பு நிறம் வெடித்து உள்ளிருந்த வெள்ளை நார் தெரிந்தது. மேல்பகுதி முன்னால் குனிந்து, அட்டை தானாக நிற்க முடியாத நிலையில் இருந்ததால், பெரியம்மா அதை ஒரு கண்ணாடிக் குவளையில் சாய்த்து வைத்திருந்தார். அவ்வளவு அக்கறையோடு பாதுகாக்கப்பட்ட ஓர் அட்டையை நான் இன்னும் செம்மையாகச் செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று ஏற்பட்டது. அதன் பிறகு வாங்கிப் பயன்படுத்திய கருவிகளையும் பொருள்களையும் இங்கே மதிப்பிடுகிறேன். நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் இரண்டு: நம் ஊர்க் காற்றில் ஒரு மாதம் இருந்த பிறகும் அட்டை நேராக நிற்க வேண்டும், அதன் மேலுள்ள தமிழ் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

கருவிகளுக்கு முன்னால் அட்டைத் தாளைப் பற்றிப் பேசாமல் முடியாது, ஏனென்றால் என் பழைய அட்டைகள் கெட்டதற்குக் காரணம் அங்கேதான் இருந்தது. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் பெரும்பாலும் படிகின்றன. ஈரத்தை உறிஞ்சும் நார் நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்புகிறது. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும், மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குவதும் வழக்கம் என்பதால், குளிரூட்டிய அறையில் செய்து வெளிக்காற்றில் நிறுத்திய அட்டை ஒவ்வொரு நாளும் உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. மடிப்புக் கோடு நாரின் திசையிலேயே அமைந்தால், நார்கள் அட்டையின் நின்ற திசையில் தூண்கள்போல் நிற்கும்; மடிப்பும் வெடிக்காது. குறுக்கே அமைந்தால் நார்கள் ஒடிகின்றன, அட்டையும் தலை குனிகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சின்னக் கணக்கு என் வேலையை மாற்றிவிட்டது. கடைகளில் கிடைக்கும் ஏ4 அட்டைகள் பலவற்றில் நார் நீளப் பக்கமான 297 மி.மீ. திசையில் ஓடுகிறது. சென்ற ஆண்டு நான் செய்ததுபோல் அதை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். அதே தாளை முதலில் இரண்டு ஏ5 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 105 மி.மீ. இடத்தில் மடித்தால், மடிப்பு நாரின் திசையிலேயே அமையும். கிடைக்கும் ஏ6 அட்டை, 114க்கு 162 மி.மீ. அளவுள்ள சி6 உறைக்குள் நெருக்கமில்லாமல் போகும். ஒரே தாளில் இரண்டு அட்டைகள் கிடைப்பது கூடுதல் நன்மை. எல்லாத் தாளும் இப்படி இருப்பதில்லை என்பதால் வாங்கும்போதே சோதிக்க வேண்டும்: தாளை மடிக்காமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதன் மடிப்புத் திசையே நாரின் திசை. நான் சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள, மேற்பூச்சாக அல்லாமல் உள்ளுக்குள்ளும் நிறம் ஊறிய தாளைத் தேர்ந்தேன். ஏ5 துண்டு ஒன்று 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே எடை இருக்கும் என்பதால் அஞ்சலுக்கும் தொல்லையில்லை. 300 கிராம் தாள் கம்பீரமாக இருந்தாலும், மடித்த பிறகு முழுதாக மூட மறுக்கிறது.

இனி, என் மதிப்பீட்டில் முதலிடம் பெறும் கருவி: மடிப்பெலும்பு. புத்தகம் கட்டுபவர்கள் பயன்படுத்தும், மாட்டெலும்பைத் தேய்த்துச் செய்த, ஐஸ்கிரீம் குச்சியைவிடச் சற்றுப் பெரிய பட்டை இது. ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டையாகவும் இருக்கும். கூர்முனையால் அடிமட்டத்தை ஒட்டிக் கோடிழுத்துத் தாளை அழுத்த வேண்டும். மடித்த பின் பட்டைப் பக்கத்தால் நீவ வேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை. நகத்தாலும் அடிமட்டத்தின் விளிம்பாலும் ஆண்டுக்கணக்கில் மடித்துக்கொண்டிருந்த எனக்கு, இது தரும் மடிப்பைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அச்சகத்திலிருந்து வந்த அட்டை என்றே என் மகள் நினைத்தாள். குறை ஒன்று உண்டு: கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்ந்த நிறத் தாளில் எலும்பு உரசிய இடம் பளபளப்பாகிவிடுகிறது. மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து நீவினால் அந்தத் தடம் விழுவதில்லை. டெஃப்லானில் செய்த பட்டை தடமே விடாது என்றாலும் விலை அதிகம். அதன் கூர்முனையும் விரைவில் மழுங்குகிறது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் எலும்பையே வாங்குங்கள்.

கோடிடும் பலகையும் இத்துடன் சேர்த்துப் பேச வேண்டியதுதான். இணையான பள்ளங்கள் வரிசையாக உள்ள இந்தப் பிளாஸ்டிக் பலகையில் தாளை மூலையில் பொருத்தி, வேண்டிய பள்ளத்தின் மேல் எலும்பை இழுத்தால் போதும். ஒவ்வோர் அட்டைக்கும் அளந்து புள்ளி வைக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த பலகை அங்குலக் கணக்கில், அரைக்கால் அங்குல இடைவெளியில் பள்ளங்கள் கொண்டது. மி.மீ. கணக்கில் வெட்டிய தாளுக்கு அது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். நாலே அரைக்கால் அங்குலம் என்பது 104.8 மி.மீ.; நமக்கு வேண்டியது 105. இந்தக் கால் மி.மீ.க்கும் குறைவான வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஏ4 தாளை மடிக்க வேண்டியவர்களுக்கு அரை மி.மீ.க்கு மேல் பிசகு வரும் என்பதால், அவர்கள் மெட்ரிக் பலகையைத் தேடுவதே நல்லது. பலர் தவறும் இடம் இன்னொன்று: கோடிட்ட பிறகு ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் உண்டாகும், மேடு அட்டையின் உட்புறம் வரும்படி மடிக்க வேண்டும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று கைக்குத் தோன்றும். நானும் முதல் பத்து அட்டைகளை அப்படியே மடித்து வீணாக்கினேன்.

வெட்டுவதற்கு, முனை மழுங்கினால் ஒடித்துப் புது முனை பெறும் கட்டரே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இந்த ஒடிக்கும் அலகை 1956ஆம் ஆண்டு ஜப்பானில் உருவாக்கிய யோஷியோ ஒகாடாவின் நிறுவனமான ஓல்ஃபாவின் 9 மி.மீ. கத்தியைத்தான் பயன்படுத்துகிறேன். பத்து அட்டைக்கு ஒரு முறை முனையை ஒடித்துவிடுவது என் வழக்கம். மழுங்கிய அலகு தாளை வெட்டாமல் கிழிக்கும், கையைத்தான் வெட்டும். எஃகு அடிமட்டமும் ஏ3 அளவு வெட்டுப்பாயும் கூடவே வேண்டும். பாயைச் சன்னல் ஓரத்து வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். நெளிந்த பாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அடுத்தது எழுத்து. தமிழில் அட்டை செய்பவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. ஆங்கில வாழ்த்துச் சொற்கள் கொண்ட ரப்பர் முத்திரைகள் சுவர் நிறையத் தொங்கும் கடைகளில், தமிழில் ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லை நான் தேடிக் களைத்துவிட்டேன். எனவே, கணினி வழி வெட்டும் சிறு இயந்திரம் ஒன்றை நண்பர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதன் மென்பொருளில் தமிழைத் தட்டச்சு செய்தபோது துணைக்கால்களும் கொம்புகளும் இடம் மாறி விழுந்தன. எழுத்துகளை வேறு மென்பொருளில் வரைபடமாக மாற்றி உள்ளே கொண்டுசென்றபோது வெட்டு அருமையாக வந்தது. ஆனால் ஆங்கிலக் கூட்டெழுத்தைப் போல நம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதில்லை அல்லவா? ‘வாழ்த்துகள்’ என்று வெட்டினால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனித் துண்டாகிறது; மூன்று புள்ளிகளும் பாயில் உதிர்ந்து கிடக்கின்றன. அவற்றைச் சாமணத்தால் பொறுக்கி ஒட்டியதில் ஓர் அட்டைக்கு 25 நிமிடம் போயிற்று. எழுத்துகளுக்கு அடியில் ஒரு கோடு வரைந்து எல்லாவற்றையும் அதோடு இணைத்தால் சொல் ஒரே துண்டாக வரும். புள்ளிகளின் சிக்கல் மட்டும் அப்போதும் தீராது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, செதுக்குவதற்கென்றே விற்கப்படும் மென்ரப்பர் பாளமும் மூன்று முனைகள் கொண்ட செதுக்குக் கத்தியும்தான். மென்மையான பென்சிலால் ஒளி ஊடுருவும் தாளில் சொல்லை எழுதி, எழுதிய பக்கம் ரப்பரின்மேல் படும்படி கவிழ்த்து, பின்புறம் மடிப்பெலும்பால் தேய்த்தால் எழுத்து இடவலம் மாறிப் பதிந்துவிடுகிறது, அச்சிடும்போது நேராகிவிடும். எழுத்தைச் சுற்றியுள்ள ரப்பரை அகற்றும்போது கத்தியை எழுத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உட்புறமாகச் சாய்த்தால் எழுத்தின் அடிப்பகுதி அரிந்து, முதலில் முறிந்து விழுவது புள்ளிதான். என் முதல் முத்திரையில் ‘ள்’ஐ இழந்தது இப்படித்தான். வகரத்தின் சுழியும் ழகரத்தின் காலும் அடைபடாமல் வர, எழுத்தின் உயரம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் கைக்குத் தெரிந்த அளவு. ‘வாழ்த்துக்கள்’ என்று ஒற்று மிகுத்து எழுதுபவர்கள் இன்னும் ஒரு புள்ளியைச் செதுக்க வேண்டியிருக்கும். நான் ‘வாழ்த்துகள்’ என்பதையே சரியென்று கருதுகிறேன். இந்த ஒரு முத்திரை இந்த ஆண்டு 60 அட்டைகளுக்கு மேல் பதித்த பிறகும் கூர்மை இழக்கவில்லை. பாளமும் கத்தியும் சேர்த்து, நான் இரவல் வாங்கிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

முத்திரையைப் பொன்னிறத்தில் புடைத்து நிற்கச் செய்ய விரும்புபவர்களுக்குப் புடைப்புப் பொடியும், மிகுந்த சூட்டில் காற்றை வீசும் ஹீட் கன்னும் தேவை. மெல்ல உலரும் மையால் பதித்து, ஈரம் காயுமுன் பொடியைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டுச் சூடேற்றினால் பொடி உருகி மின்னுகிறது. விளக்கொளியில் அந்தப் பொன்னெழுத்து மின்னுவதைப் பார்ப்பது தீபாவளி அட்டைக்கு மிகவும் பொருத்தமான அழகு. தலைமுடி உலர்த்தும் கருவியால் இதைச் செய்ய முயல வேண்டாம். அதன் காற்று பொடியைப் பறக்கடிக்குமே தவிர உருக்காது. நம் ஊரில் கை எளிதில் வியர்க்கும். விரல் பட்ட இடத்திலெல்லாம் பொடி ஒட்டிக்கொண்டு, அட்டையெங்கும் பொன் பொட்டுகள் விழும். பதிப்பதற்கு முன், சோளமாவை மெல்லிய துணியில் முடிந்து தாளின்மேல் ஒற்றினால் இது பெருமளவு குறைகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கோலம் போட வெள்ளை ஜெல் பேனா. இந்த வகை மையை 1984இல் அறிமுகப்படுத்திய ஜப்பானிய நிறுவனமான சக்குராவின் பேனாவையே கருநீலத் தாளில் பயன்படுத்தினேன். புள்ளிகள் தெளிவாக வருகின்றன. இழைக்கோடுகளை மெதுவாக இழுத்தால்தான் மை இடையில் விட்டுப்போகாது. சிறு குறை, பெரிய மகிழ்ச்சி.

பசையில் நான் ஏமாந்தேன். நீர் கலந்த வெள்ளைப் பசை, தாளை ஈரமாக்கி அலையலையாக நெளிய வைத்துவிடுகிறது. தாளின்மேல் தாளை ஒட்ட அதை முற்றிலும் கைவிட்டுவிட்டேன். இருபக்க ஒட்டுநாடா எல்லா வகையிலும் மேல். பஞ்சு நாடாவால் பூவையோ விளக்கையோ உயர்த்தி ஒட்டினால் அழகாக இருக்கும், ஆனால் உறை தடித்து அஞ்சல் கட்டணம் கூடலாம். எனவே நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

இவற்றுள் பெரும்பாலானவற்றை விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்துக்கு அருகிலுள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கினேன். அங்குள்ள ஆர்ட் ஃப்ரெண்ட் கடையில் தாள்களைத் தனித்தனியாக எடுத்து வளைத்துப் பார்த்து வாங்க முடிந்தது எனக்குப் பெரிய வசதி. கட்டிவைத்த பொட்டலத்தில் நாரின் திசையைக் கண்டுபிடிக்க வழியில்லை. உறைகளும் ஒட்டுநாடாவும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்து எழுதுபொருள் கடையிலேயே கிடைத்தன. பாக்கித் தாளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடும் பிளாஸ்டிக் பையில் படுக்கவைத்திருக்கிறேன். நிற்க வைத்தால் வளைந்துவிடுகிறது.

வெட்டும் இயந்திரத்தை யார் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: நூற்றுக்கணக்கில் திருமண அழைப்பிதழ் செய்பவர்கள் வாங்கலாம். பண்டிகைக்கு 40, 50 அட்டைகள் செய்யும் குடும்பத்துக்கு அது வேண்டாம். முதலில் மடிப்பெலும்பு, கட்டர், அடிமட்டம், வெட்டுப்பாய். பிறகு ரப்பர் பாளம். அதன் பிறகு கோடிடும் பலகை. ஹீட் கன் கடைசி.

இந்த ஆண்டு பெரியம்மாவுக்கு அனுப்பிய அட்டையைச் சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். தீபாவளி முடிந்து ஐந்து வாரமாகிறது. சன்னலைத் திறந்தே வைக்கும் வீடு அது. அட்டை குவளையின் துணையில்லாமல் நின்றது. மடிப்பில் வெடிப்பு இல்லை. முன்பக்கத்தில் மிக இலேசான வளைவு மட்டும் தெரிந்தது. பொங்கலுக்கு இன்னொரு முத்திரை செதுக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘பொங்கல்’ என்ற சொல்லில் இரண்டே புள்ளிகள்.