உப்பு–கரி எர்த் குழியா, காப்பர் ராடா?

கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண்ணில் எங்கள் வீடு. கிரைண்டரைத் தொட்டபோது அம்மாவுக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. மூன்று வருடத்துக்கு முன் எர்த்தை மாற்றியது அதனால்தான்.

முன்பு இருந்தது பழைய முறைக் குழி. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும். செலவு குறைவு, எந்த வயர்மேனுக்கும் தெரிந்த வேலை. கிணற்றடி போல எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு இன்றும் அதுவே போதும்.

ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் உப்பு கரண்டைக் கடத்தாது. கரிசல் வேறு கோடையில் சுருங்கி, வெடித்து, குழியை விட்டு விலகிவிடும். காய்ந்த சித்திரையில் எர்த் மெக்கரில் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) 38 ஓம் காட்டியது. இது குறையக் குறைய நல்லது. நான்கு குடம் ஊற்றி மறுநாள் அளந்தால் 11. 38 ஓம் என்றால் 230 வோல்ட்டில் பாய்வது சுமார் 6 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) விழாது, கிரைண்டர் பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, “நல்லாத்தானே எரியுது” என்பார்கள். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, 38 ஓமிலும் பளிச்சென்றே எரியும். அதை நம்ப வேண்டாம்.

பைப்பைத் தோண்டி எடுத்தபோது கிளாம்ப் பிடித்த இடத்தில் துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. கடத்தட்டும் என்று போட்ட உப்பே பைப்பை அரித்திருந்தது.

இப்போது இருப்பது மூன்று மீட்டர் காப்பர் பூசிய ராடு, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் பவுடர். குழிக்கு ஆகும் செலவைப் போல இரண்டரை மடங்கு ஆனது. மூன்று கோடையிலும் 4 முதல் 6 ஓமுக்குள் நிற்கிறது, ஒரு குடம்கூட ஊற்றவில்லை. அம்மா தனியாக இருக்கும் வீட்டில் எனக்கு இதுதான் பெரிய விஷயம். விற்பவர்கள் சொல்லும் பதினைந்து வருடத்துக்கு என் மூன்று வருட அனுபவம் சாட்சி ஆகாது. வாங்கினால் பூச்சு 250 மைக்ரான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள், கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே ஆஃப் ஆகும் சுவிட்ச் அது. எர்த் 38 ஓமில் இருந்தாலும் விழும்.

நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கட் ஆவது வேறு கதை. த்ரீ பேஸ் வீட்டில் கம்பத்து நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவான பேஸில் வோல்டேஜ் 400 வரைகூட ஏறும், ஃப்ரிட்ஜ் புகைந்துவிடும். குழியோ ராடோ ஆர்சிசிபியோ அதைத் தடுக்காது. ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் தனியாகப் போட வேண்டும். அந்த நேரத்தில் யாராவது எர்த்தை நியூட்ரலாக மாற்றிக் கொடுக்க வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். வீட்டு லோடு முழுவதும் எர்த் வயரில் திரும்பும், மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் கரண்ட் ஏறிவிடும். மெயினை ஆஃப் செய்துவிட்டு, லைன்மேன் வரும்வரை விளக்கில்லாமல் இருங்கள்.