கிளை அலுவலகங்களுக்கு இன்டர்நெட் போன்: சொந்தப் பெட்டியா, கிளவுடா?

வேளச்சேரியில் தலைமை அலுவலகம், அம்பத்தூரிலும் கோவையிலும் கிளைகள், மொத்தம் 22 எக்ஸ்டென்ஷன். பம்ப் உதிரிபாகம் விற்கிறோம். ஆர்டரில் பாதிக்கு மேல் போனில்தான் வருகிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஐபி பிபிஎக்ஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியே அழைப்புகளை இணைக்கும் அலுவலக எக்ஸ்சேஞ்ச்) நம் அலுவலகத்திலேயே வைத்து, வெளி அழைப்புகளுக்கு எஸ்ஐபி டிரங்க் (இன்டர்நெட் வழியே வரும் வெளி லைன்) வாங்கலாம். அல்லது ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டி, எக்ஸ்சேஞ்சையே கிளவுட் கம்பெனியிடம் விட்டுவிடலாம்.

முதலில் சொந்தப் பெட்டிதான் வைத்திருந்தோம். அதில் ஓடியது ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச எக்ஸ்சேஞ்ச் மென்பொருள், லைசென்ஸ் செலவு கிடையாது. நெட் போனாலும் ஒரே கட்டடத்துக்குள் எக்ஸ்டென்ஷன்கள் பேசிக்கொள்ளும். நன்றாகத்தான் ஓடியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வரும் வரை. வேளச்சேரியில் கரண்ட் போனது, யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு நின்றது. பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது. தண்ணீர் உள்ளே வர, நான்தான் அதைத் தூக்கி ஃபைல் பீரோ மேல் வைத்தேன். கோவையில் கரண்ட் இருக்கிறது, நெட் இருக்கிறது, ஆனால் போன் ஊமை. அங்கே வரும் ஒவ்வொரு அழைப்பும் வேளச்சேரிப் பெட்டியைத் தொட்டுத்தானே போக வேண்டும்! மூன்று நாள் கோவை ஆர்டர் கையைவிட்டுப் போனது இன்னும் வலிக்கிறது.

கிளவுடில் ஒரு கிளை மூழ்கினால் மற்றவை பேசும். மூழ்கிய கிளைக்கு வரும் அழைப்பை மொபைலுக்குத் திருப்பலாம். குறை என்னவென்றால், நெட் இல்லாவிட்டால் பக்கத்து அறை எக்ஸ்டென்ஷன்கூட அடிக்காது. அதனால் வேறு வேறு கம்பெனியின் இரண்டு நெட் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு முறை) ஒரு அழைப்புக்குப் போக 87, வர 87 கேபிபிஎஸ். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் போக 1 எம்பிபிஎஸ்கூட ஆகாது, வரவும் அப்படியே. அக்கவுண்ட்ஸில் பேக்கப் ஏற்றும்போது குரல் விட்டுவிட்டு வருவதுதான் தொல்லை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

பழைய 044 நம்பரை மட்டும் அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். செல்போன் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாது. அந்த லைனை வைத்துக்கொண்டு புது நம்பருக்கு கால் ஃபார்வேர்டு போடுங்கள்.

ஒரே கட்டடத்தில் அறுபது எழுபது எக்ஸ்டென்ஷன், பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஜென்செட் எல்லாம் இருந்தால் சொந்தப் பெட்டியே லாபம். அப்போதும் பாஸ்வேர்டைப் பலமாக வையுங்கள், ஐஎஸ்டியை மூடிவிடுங்கள். யாரோ பெட்டிக்குள் புகுந்து நம் செலவில் போடும் திருட்டு அழைப்புகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் போகும். எங்களைப் போல ஊர் ஊராகப் பிரிந்த சின்ன அலுவலகங்களுக்கு என் ஓட்டு கிளவுடுக்குத்தான்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் டிரையல் கேளுங்கள். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ரவுட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து அலுவலக நம்பருக்குப் போன் போடுங்கள். யார் மொபைல் அடிக்கிறது, எத்தனை விநாடியில் அடிக்கிறது என்று பாருங்கள்.