படைத்தளத்துக்கு அருகில் ஒரு துப்பாக்கி அனுமதி வகுப்பு: சுடுபயிற்சியில் நிறைவு, குடியிருப்புச் சட்டத்தில் குறை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் பிராக் படைத்தளத்தைச் சுற்றியுள்ள பகுதியில், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிக்காக ஒரு நாள் வகுப்பு நடத்தும் தனியார் பயிற்சிக்கூடங்கள் உள்ளன. அவற்றுள், ராணுவக் குடும்பங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஒன்றில், ராணுவத்தில் பணியாற்றும் என் கணவருடன் நானும் சேர்ந்தேன். கூடத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். பாடத்தின் தரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுடுபயிற்சியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டாக்களை வாசலிலேயே தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய துப்பாக்கியிலும் மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் சுண்டுவிரலால் தடவியும் உறுதி செய்த பிறகே எங்களை உள்ளே விட்டார்கள். என் பக்கத்து வரிசையில் நின்ற ஒரு பெண் சுடும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வதைக் கவனித்த பயிற்றுநர், அவருடைய துப்பாக்கியில் அவருக்குத் தெரியாமல் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து கொடுத்தார். வெடிக்காத அந்த ஒரு முறையும், அதிர்வை எதிர்பார்த்துத் தன் கையே துப்பாக்கியின் முனையைத் தாழ்த்தியதைக் கண்டதும், வேறு விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

மாநிலச் சட்டத்தையும் தெளிவாகவே நடத்தினார்கள். விண்ணப்பிப்பவர் 21 வயது நிறைந்தவராகவும், குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ பெற்றவராகவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது பயன்படும் செய்தி. வசிக்கும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தில் 80 டாலர் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அனுமதி 5 ஆண்டுகளுக்குச் செல்லும். துப்பாக்கியுடன் இருக்கும்போது காவலர் அணுகினால், அனுமதி இருப்பதையும் துப்பாக்கி இருப்பதையும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதையும், உடலில் சிறிதளவு மது எஞ்சியிருந்தாலும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்கள்.

விளம்பரம் வாக்களித்த பகுதியில்தான் வகுப்பு தடுமாறியது. விண்ணப்பிப்பதற்கு முன் குறைந்தது 30 நாட்கள் மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது வட கரோலினாவின் விதி. டெக்சாஸில் வாக்குரிமையும் ஓட்டுநர் உரிமமும் வைத்துக்கொண்டு, கணவரின் மாற்றல் உத்தரவால் இங்கே வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு பெண், தாம் எந்த மாநிலத்தவராகக் கருதப்படுவார் என்று கேட்டார். "ஷெரிஃபிடம் கேளுங்கள்" என்பதே பதிலாக வந்தது. அது தவறான பதிலன்று. எந்த ஆவணத்தை ஏற்பது என்ற வழக்கம் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடலாம். ஆயினும், ராணுவத்தினரின் துணைவர் வரிக்காகவும் வாக்குக்காகவும் பழைய மாநிலத்தையே தக்கவைத்துக்கொள்ள 2009ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும், துப்பாக்கி அனுமதிக்கான குடியிருப்பு அதிலிருந்து வேறான கேள்வி என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்கலாம். கொலராடோவின் சட்டம், நிரந்தரப் பணியிட உத்தரவின்பேரில் அங்கே இருக்கும் படைவீரரையும், அங்கே வசிக்கும் அவருடைய நெருங்கிய குடும்பத்தினரையும் அம்மாநிலத்தவராகவே கருத வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இத்தகைய ஓர் ஒப்பீடு இருந்திருந்தால், அடுத்த மாற்றலை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு அதுவே வகுப்பின் சிறந்த பகுதியாக அமைந்திருக்கும்.

கையில் கொடுத்த குறிப்பேடு இதைவிடக் கவலையளித்தது. பணியிட மாநிலத்தில் படைவீரர் கைத்துப்பாக்கி வாங்கலாம், துணைவர் வாங்க முடியாது என்று அதில் அச்சிட்டிருந்தது. ஒரு காலத்தில் அதுவே சட்டமாக இருந்தது. 2022 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புத் துறைச் சட்டம் அதை மாற்றி, துணைவரையும் அதே அடிப்படையில் பணியிட மாநிலத்தவராக ஏற்றது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. இடைவேளையில் இதை எடுத்துச் சொன்னபோது பயிற்றுநர் மறுக்காமல் குறித்துக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாங்குவதற்கான விதி வேறு, மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதி வேறு என்ற வேறுபாட்டை மட்டும் அன்று யாரும் விளக்கவில்லை.

பிற மாநில அனுமதிகள் பற்றிய பாடமும் பாதியில் நின்றது. மற்ற மாநிலங்கள் வழங்கிய அனுமதியை வட கரோலினா ஏற்கிறது என்று சொன்னதும் வகுப்பில் பலர் நிம்மதியடைந்தனர். ஆனால் பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் உள்ள விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய அனுமதிக்குத்தான் உரியது. பிள்ளைகளைத் தினமும் பள்ளியில் விடும் பெற்றோருக்கு, இங்கேயே அனுமதி எடுப்பதற்கான வலுவான காரணம் இதுதான். கூடத்துக்கே வாடிக்கையாளரைச் சேர்த்துத் தரக்கூடிய செய்தியை அவர்களே விட்டுவிட்டது வியப்பளிக்கிறது. படைத்தளத்துக்குள் மாநில அனுமதி செல்லாது, தளபதியின் இசைவு இல்லாமல் எடுத்துச் செல்ல முடியாது என்பதை ஒரே வரியில் முடித்தார்கள். வந்திருந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளவும் மாநில விதிகளைத் தெரிந்துகொள்ளவும் விரும்புவோர் தயக்கமின்றிச் சேரலாம். ராணுவக் குடும்பம் என்ற அடைமொழியை நம்பிக் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன்பே ஷெரிஃப் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, வாடகை ஒப்பந்தம், மாற்றல் உத்தரவு, வேற்று மாநில ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுள் எவற்றை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கணவரோ மனைவியோ வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது அனுமதி காலாவதியாகும் நிலை வந்தால், அவர் சார்பில் மற்றொருவர் அதே அலுவலகத்தில் கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அந்த அழைப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் தந்த தாள்களில் அது இல்லை.