இன்ஸ்டாக்ஸில் பழைய லென்ஸ்: மடிப்புக் கேமராவா, ப்ரொஜெக்டரா?

எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் வைடு கேமராவில் வருகிற 95 மிமீ எஃப்/14 லென்ஸ் பகலில் ஃப்ளாஷோடு குடும்பப் படம் எடுக்கப் போதும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது, ஒளி அதிகம்). அதற்கு மேல் ஆசைப்பட்டால் வேறு கண்ணாடிதான் தேட வேண்டும். என்னிடம் இரண்டு தேறின. ஒன்று, துருத்தி கிழிந்துபோன 6×9 மடிப்புக் கேமராவின் 105 மிமீ எஃப்/4.5. மற்றது, மோட்டார் போன ஸ்லைடு ப்ரொஜெக்டரின் 85 மிமீ எஃப்/2.8. பார்வைக்கு ப்ரொஜெக்டர் லென்ஸ்தான் ராஜா. நான் மாட்டியது மடிப்புக் கேமராவின் லென்ஸை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

போலராய்டை ஏன் எடுக்கவில்லை என்றால், அதன் ஃபிலிமில் ஒளி விழுகிற பக்கமும் நாம் படம் பார்க்கிற பக்கமும் ஒன்றே. நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்றை வைத்துத் திருப்பாவிட்டால் படம் இடவலம் மாறி வரும். இன்ஸ்டாக்ஸில் ஒளி பின்பக்கம் விழுகிறது, படத்தை முன்பக்கம் பார்க்கிறோம். லென்ஸை நேரே வைத்தால் வேலை முடிந்தது.

லென்ஸ் விழவைக்கும் வட்டம் ஃபிலிமை மூட வேண்டும் என்பது தெரிந்ததே. வைடு படம் 99×62 மிமீ, மூலைவிட்டம் சுமார் 117. மடிப்புக் கேமராவின் லென்ஸ் 6×9 செ.மீ. நெகட்டிவுக்குச் செய்தது என்பதால் மூலைகள் கொஞ்சம் இருளும், அவ்வளவுதான். ப்ரொஜெக்டர் லென்ஸோ 24×36 மிமீ ஸ்லைடுக்கானது. தூரத்துக் காட்சியில் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் இருட்டும்தான் மிஞ்சும்.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். முடிவைத் தீர்மானித்தது ஷட்டர், அதாவது ஒளிக்குத் திறந்து மூடும் கதவு.

இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்வு, ஐஎஸ்ஓ 800. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் 1/800 நொடி போதும். அதே வெயிலில் எஃப்/2.8 என்றால் 1/25,600 நொடி வேண்டும். ப்ரொஜெக்டர் லென்ஸில் ஷட்டரும் கிடையாது, துவாரத்தைச் சுருக்கும் இதழ்களும் கிடையாது. கையால் மூடியைத் திறந்து மூடினால் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அரை நொடி ஆகிவிடும். அந்த அரை நொடிக்கு, இரவில் வீட்டு விளக்கு வெளிச்சமே அதிகம். கறுப்பு அட்டையில் 8 மிமீ ஓட்டை போட்டு எஃப்/11 ஆக்கலாம். அப்படிச் செய்தால் எஃப்/2.8-க்காக அந்த லென்ஸைத் தேடிப் பிடித்ததற்கே அர்த்தமில்லை.

இன்ஸ்டாக்ஸின் சொந்த ஷட்டரை விட்டுவைத்து அதன் முன்னால் லென்ஸை ஒட்டலாமே என்று தோன்றும். அந்த ஷட்டரின் துவாரம் எஃப்/14 லென்ஸுக்காகச் செய்தது, குறுக்களவு 7 மிமீ அளவில்தான் இருக்கும். எவ்வளவு பெரிய கண்ணாடியை முன்னால் வைத்தாலும் ஒளி அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். எஃப்/2.8 அங்கே எஃப்/12 ஆகிவிடும்.

மடிப்புக் கேமராவின் லென்ஸ், இதழ்களாகத் திறந்து மூடும் லீஃப் ஷட்டரோடு ஒரே உருப்படியாக வரும். பின்பக்கம் இரண்டு வெட்டு உள்ள வளையத்தைத் திருகினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். வெயிலில் எஃப்/32, 1/200. நிழலில் துவாரத்தைத் திறந்துகொள்ளலாம். மூன்று கண்ணாடி கொண்ட பல லென்ஸ்களில் முன் கண்ணாடியைத் திருகியே ஃபோகஸ் செய்யலாம், தனி அமைப்பு தேவையில்லை. ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய 105 மிமீ தூரத்தில் லென்ஸ் மாட்டிய பலகையை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இருக்கும் தளத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்தும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்துவைத்து, தூரத்து மரத்தின் கிளைகள் பிசிறில்லாமல் தெரியும்வரை பலகையை நகர்த்திப் பார்க்க வேண்டும். கிளைகளும் வானமும் தலைகீழாகத் தெரியும், பழகிவிடும்.

படம் பிடிப்பது லென்ஸின் ஷட்டர், ஃபிலிமை வெளியே தள்ளுவது இன்ஸ்டாக்ஸின் பொத்தான். இரண்டுக்கும் தொடர்பில்லாததால் ஒரே ஃபிலிமில் இரண்டு மூன்று காட்சிகளை அடுக்கலாம். இது எனக்குக் கிடைத்த உபரி லாபம்.

பராமரிப்பும் ஷட்டருக்குத்தான். பழைய எண்ணெய் இறுகினால் மெதுவான வேகங்கள் முதலில் சண்டித்தனம் செய்யும். ஃபோனில் நொடிக்கு 240 சட்டம் (ஃப்ரேம்) வேகத்தில் வீடியோ எடுத்து எண்ணுங்கள்: 1/30-க்கு 8 சட்டங்கள் திறந்திருக்க வேண்டும். 16 வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, அதிக ஒளி. நெகட்டிவ் ஃபிலிம் இதை மன்னிக்கும், இன்ஸ்டாக்ஸ் மன்னிக்காது, முகம் வெளுத்துப்போகும். 1/250 போன்ற வேகங்களை இப்படி அளக்க முடியாது, அதற்கு ஃபிலிம் செலவழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த லென்ஸானாலும், கேமராவின் உடம்பைத் திறக்கும்முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ப்ரொஜெக்டர் லென்ஸை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது ஒளிவட்டம் பெரிதாகும். இன்ஸ்டாக்ஸ் மினியின் 62×46 மிமீ படத்துக்கு அப்போது அநேகமாகப் போதும். மங்கலான அறையில், அசையாமல் உட்காருபவரின் முகத்துக்கு அது தனி அழகு தரலாம். அட்டைப்பெட்டியில் ஒட்டிப் பார்த்ததோடு சரி என்பதால் இதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பெரிய துவாரமும் வேண்டும், ஷட்டரும் வேண்டும் என்பவர்கள் பழைய ஆசிலோஸ்கோப் கேமராக்களைப் பார்க்கலாம். ஆசிலோஸ்கோப் திரையில் ஓடும் மின் அலையைப் போலராய்டில் பிடிக்கச் செய்த கருவிகள் அவை. 75 மிமீ எஃப்/1.9 லென்ஸ்கூட ஷட்டரோடு வந்திருக்கிறது. ஆனால் அது கிட்டத்துக்கென்றே வடிவமைத்த கண்ணாடி, மலையும் கடலும் எடுக்க ஆகாது.