லீஃப்ஸா, செனட்டர்ஸா? முதல் சுற்றில் யார் கை ஓங்கும்?

2025 ஏப்ரல் 20, ஞாயிறன்று, என்எச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கின் பிளேஆஃபில், அதாவது பருவம் முடிந்ததும் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளில், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸும் ஒட்டாவா செனட்டர்ஸும் மோதும் முதல் சுற்றுத் தொடர் தொடங்குகிறது; இது அதற்கு முன்பு எழுதிய கணிப்பு. ஏழு ஆட்டங்களில் நாலை முதலில் வெல்லும் அணிக்குத் தொடர். பிளேஆஃபில் இவ்விரு அணிகளும் கடைசியாகச் சந்தித்தது 2004இல். அதற்கு முன் 2000, 2001, 2002. நாலு தடவையும் லீஃப்ஸ்தான் வென்றது. அன்றைய வீரர்கள் யாரும் இன்று களத்தில் இல்லை என்பதால், அந்தக் கணக்கு இந்தத் தொடருக்கு உதவாது.

உதவுகிற கணக்கு இந்தப் பருவத்துடையது. லீஃப்ஸுக்கு 52 வெற்றி, 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். செனட்டர்ஸுக்கு 45 வெற்றி, 97 புள்ளி. இடைவெளி பெரியதுதான். ஆனால் நேருக்கு நேர் மோதிய மூன்று ஆட்டங்களையும் ஒட்டாவா அள்ளிக்கொண்டு போனது: 3–0, 2–1, 4–2. மூன்று ஆட்டங்களில் லீஃப்ஸ் போட்ட கோல் மொத்தமே மூன்று. முதல் ஆட்டத்தில் லீஃப்ஸின் நட்சத்திரம் ஆஸ்டன் மத்யூஸ் காயத்தால் ஆடவில்லை, சரி. மற்ற இரண்டுக்கும் அந்தச் சாக்கு செல்லாது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் நின்றவர் ஒட்டாவாவின் கோல்காப்பாளர் லைனஸ் உல்மார்க். ஜனவரியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் காயத்தால் ஓய்வில் இருந்தார், அப்போதும் ஒட்டாவாதான் வென்றது. ஆக, ஒரு கோல்காப்பாளரின் புண்ணியத்தில் மட்டும் வந்த வெற்றிகள் அல்ல இவை. லீஃப்ஸின் நட்சத்திரங்களை எப்படி அடக்குவது என்று ஒட்டாவா பயிற்றுநர் டிராவிஸ் கிரீனின் அணிக்குத் தெரிந்திருக்கிறது.

இருந்தாலும் இந்தத் தொடர் கோல் வாசலில்தான் தீரும் என்று நினைக்கிறேன். உல்மார்க் 2023இல் லீக்கின் சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா விருது வென்றவர். பெரிய பெயர். ஆனால் பிளேஆஃபில் அவர் ஆள் வேறு: பொஸ்டனுக்காக ஆடியபோது 3 வெற்றி, 6 தோல்வி. அந்த ஆறில் கடைசித் தோல்வி போன வருடம் இதே லீஃப்ஸிடம் வந்தது. இரண்டாவது ஆட்டம், 2–2 சமநிலை, மூன்றாம் பகுதியும் பாதி தாண்டிவிட்டது. லீஃப்ஸின் மாக்ஸ் டோமி தன் பக்கத்திலிருந்து பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) உயரத் தூக்கிவிட, மத்யூஸ் அதை அந்தரத்திலேயே தட்டி இறக்கி, தனியாளாகப் போய், உல்மார்க்கை ஒரு பக்கம் சாய வைத்து மறுபக்கம் கோல் போட்டார். அந்த ஒரு நொடி இருவருக்குமே நினைவிருக்கும்.

எதிர்ப்பக்கம், லீஃப்ஸின் வாசலில், அந்தனி ஸ்டோலார்ஸ். தன்மேல் வந்த அடிகளில் அவர் தடுத்த விகிதம் .926, இந்தப் பருவத்தில் லீக்கின் உச்சம். டிசம்பரில் முழங்காலில் காயம், அறுவைச் சிகிச்சை, பெப்ரவரியில்தான் திரும்பினார். போன வருடம் புளோரிடாவுடன் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் வென்றவர் என்றாலும் அங்கே மாற்றுக் காப்பாளர். ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையும் முதல் ஆளாகத் தொடங்கியதில்லை. ஆகவே இரண்டு பக்கமும் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. ஆனால் ஸ்டோலார்ஸ் தடுக்கினால் கைகொடுக்க இன்னொரு காப்பாளர் ஜோசப் வோல் இருக்கிறார். அந்த வகையில் லீஃப்ஸுக்கு ஒரு படி கூடுதல்.

அனுபவத்தை எடுத்தால் வித்தியாசமான நிலைமை. ஒட்டாவா 2017க்குப் பிறகு இப்போதுதான் பிளேஆஃபுக்கு வருகிறது. தலைவர் பிராடி கச்சக், டிம் ஸ்டூட்ஸ்லா, ஜேக் சாண்டர்சன், தோமஸ் ஷபோ, யாருமே ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. மூத்த வீரர்கள் கிளோட் ஜிரூவும் டேவிட் பெரோனும்தான் வழிகாட்ட வேண்டும். லீஃப்ஸிடம் அனுபவம் நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதி தோல்வி அனுபவம். 2004க்குப் பிறகு இந்த அணி வென்ற ஒரே தொடர் 2023இல் டாம்பாவுக்கு எதிரானது. 2021இல் மொன்றியலிடம் 3–1 முன்னிலையைக் கோட்டைவிட்டது, 2024இல் பொஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் விழுந்தது எல்லாம் இதே ஆட்கள்தான். மிட்ச் மார்னரின் ஒப்பந்தமும் ஜோன் டவாரஸின் ஒப்பந்தமும் இந்தக் கோடையோடு முடிகின்றன. மார்னர் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 102 புள்ளி எடுத்த வருடம் இது. ஏப்ரலில் அவர் காணாமல் போனால் அந்த 102ஐ ரொறன்ரோவில் யாரும் பேசமாட்டார்கள்.

அப்படியானால் இந்த வருடம் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? காரணம் கிரெய்க் பெரூபே. 2019இல் சென் லூயிஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர். அவரிடம் லீஃப்ஸ் ஆடுகிற ஆட்டம் அழகாக இல்லை. போன வருடம் 69 கோல் போட்ட மத்யூஸ் இந்த வருடம் 33. ஆனால் கோல் வாசலுக்கு முன்னால் கூடிநின்று பக்கை உடம்பால் தடுப்பது, கிறிஸ் டானேவ் மாதிரி ஆட்கள் செய்கிற அந்த வலிக்கிற வேலை, முன்பு இந்த அணியிடம் நான் பார்க்காதது. 2–1 என்று முடிகிற ஆட்டங்களுக்கு இது ஏற்ற அணி.

பவர் பிளேயில், அதாவது எதிரணி வீரர் பெனால்டி பெட்டியில் இருக்க ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரத்தில், லீஃப்ஸின் பலம் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மத்யூஸ், மார்னர், நீலாண்டர், டவாரஸ், நைஸ் என்று ஐந்து முன்கள வீரர்களையும் ஒன்றாக இறக்குகிறது லீஃப்ஸ். ஓர் ஆள் குறைந்து நிற்கும்போது ஒட்டாவா செய்கிற தடுப்போ லீக்கின் பின்பாதியில் இருக்கிறது. கச்சக் சூடேறி ஆடுகிறவர், அதுதான் அவர் பலம். முதல் ஆட்டத்தில் அரங்கத்தின் இரைச்சலில் அவரும் கூட்டாளிகளும் நிதானம் தவறிப் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்தால், பருவத்தில் போட்டு வைத்த அந்த மூன்று வெற்றித் திட்டமும் கரைந்துவிடும்.

ஆறு ஆட்டங்களில் லீஃப்ஸ் என்பது என் கணிப்பு. ஒட்டாவாவின் அரங்கம் இருக்கும் கனாட்டாவில் ஒட்டாவா ஓர் ஆட்டமாவது எடுக்கும். ஸ்காபரோவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிப்போய் அங்கே லீஃப்ஸின் நீலச்சட்டையோடு உட்காரப்போகிற நம்மவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போவது நல்லது. தொடக்கத்தில் ரொறன்ரோவில் நடக்கிற இரண்டு ஆட்டங்களில் ஒன்றை ஒட்டாவா தட்டிப்பறித்தால் மட்டும் என் கணிப்பை ஏழு ஆட்டங்களுக்கு நீட்டுவேன். ஏழாவது ஆட்டத்தில் இந்த அணி மேல் பந்தயம் கட்ட எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.